எதிராளியின் நகர்த்தல்

ஜூன் 16, திங்கள்

நேற்றைய 'மேற்குச் சுடர்' நாளிதழின் ஞாயிறு மலரில் என்னைப் பற்றி வெளியான கட்டுரை தொடர்பாக என் குறைகள், தேதி வாரியாக:

1. ஜூன் 10, செவ்வாய். நிருபர் திரு. இன்பரசன் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றரைக்கு வந்தார். நான் உருவாக்கிய சதுரங்கக் கணினியைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்டார். மீதி நேரம் என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2. அதே நாள். உடன் வந்த புகைப்படக்காரர், வெளிச்சம் போதவில்லை என்று பலகையைக் கால் வட்டம் திருப்பி வைத்தார். ஆடுபவரின் வலக்கை ஓரத்துக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். அச்சான படத்தில் அது கறுப்பு. சதுரங்கம் தெரிந்த எவரும் என்னை முட்டாள் என்றே முடிவு செய்வார்.

3. ஜூன் 12, வியாழன். தொலைபேசியில் என் மனைவியின் வயதைக் கேட்டார். ஐம்பத்து நான்கு என்றேன். "ஓ, சின்ன வயசுதான் சார்" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

4. ஜூன் 15, ஞாயிறு. கருவியைச் 'செயற்கை நுண்ணறிவு' என்று நான்கு இடங்களில் குறிப்பிட்டது. அது கட்டைவிரல் அகலச் சில்லு ஒன்றில் ஓடும் எளிய நிரல்.

5. அதே நாள். வரைபடமும் மூலநிரலும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம் என்ற செய்தியை மட்டும் அவசியம் போடும்படி கேட்டுக்கொண்டேன். அது மட்டும் வரவில்லை. கட்டுரை முழுவதிலும் பிழையின்றி அச்சான ஒரே வாக்கியம், "என் மனைவி ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளவேமாட்டார்" என்று நான் சொன்னது.

6. அதே நாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை என்பதை அனுமதியின்றி வெளியிட்டது.

7. அதே நாள். தலைப்பு: 'மறைந்த மனைவியோடு மாலைதோறும் ஓர் ஆட்டம்'. என் மனைவி கோகிலவாணி உயிரோடு இருக்கிறார். சத்தியமங்கலத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். இன்று திங்கட்கிழமையாதலால் இந்நேரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்.

பின்னால் வழக்கு என்று வந்தால் தேவைப்படும் என்பதால் பின்னணியையும் பதிவு செய்கிறேன். நான் சென்னியப்பன், வயது ஐம்பத்தாறு, மின்னணுவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவன். கோயம்புத்தூர் கணபதியில் என் வீட்டு முன்னறையில் நூற்பாலை எந்திரங்களின் கட்டுப்பாட்டு அட்டைகளைப் பழுதுபார்க்கிறேன். ஏழு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இந்தச் சதுரங்கக் கணினியை உருவாக்கிவருகிறேன். மரப்பலகை. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்ச், ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு காந்தம். நாம் காயை நகர்த்தினால் கருவிக்குத் தெரியும். கருவி எந்தக் காயை எங்கே நகர்த்த விரும்புகிறது என்பதைக் கட்டத்தின் ஓரத்தில் மினுங்கும் புள்ளிகள் நமக்குச் சொல்லும்.

அது வலுவாக ஆடாது. வலுவாக ஆட வைப்பது என் நோக்கமும் அல்ல. அது கோகிலவாணி ஆடுவதைப் போல ஆடும். மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக மகளிர் கோப்பையை வென்றவள் அவள். ஓரத்துச் சிப்பாயைத் தேவைக்கு முன்பே தள்ளுவாள். குதிரைகளைக் கடைசிவரை காப்பாற்றுவாள். நீ என் ராணியை வெட்டு, நான் உன் ராணியை வெட்டுகிறேன் என்ற பேரத்துக்கு எந்த நிலையிலும் சம்மதிக்கமாட்டாள். நிரலில் இதற்கு 'வாணி முறை' என்று பெயர். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. ஒரு நிரலுக்கு ஏதேனும் ஓர் ஆட்டமுறை வேண்டும், எனக்கு முழுமையாகத் தெரிந்த ஆட்டமுறை அது ஒன்றுதான்.

உலகம் முழுவதிலும் சேர்த்து முப்பது பேர் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். அது நேற்று வரை.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கிணற்று மோட்டார் இரைகிறது. பார்க்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

தங்கமுத்துவும் அவர் மனைவியும் திருப்பூரிலிருந்து வந்தார்கள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழர், இப்போது பின்னலாடை ஏற்றுமதி செய்கிறார். தீபாவளி வாழ்த்தைத் தவிர எங்களுக்குள் பல ஆண்டுகளாகத் தொடர்பு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அவரை உட்காரச் செய்து, செய்தி தவறு, வாணி உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெளிவான சொற்களில் கூறினேன்.

"ஆமாப்பா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்கூடத்தான் இருக்காங்க. எங்க போயிருவாங்க."

என்கூட இல்லை, சத்தியமங்கலத்தில் இருக்கிறாள் என்றேன். அவர் மனைவி அவரைப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசாதே என்பதைப் போலத் தலையை அசைத்தார். காபி வேண்டாம் என்றார்கள். தண்ணீரும் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், கேட்டைத் திறந்து போனார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் 'போய்ட்டு வர்றோம்' என்று சொல்வதில்லை. என் வீட்டு வாசலில் அந்த வழக்கம் முறையாகக் கடைப்பிடிக்கப்படுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் முன்னிலையிலேயே வாணியைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. பள்ளி நேரம். தொந்தரவு செய்யவில்லை.

ஆசிரியரிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 18, புதன்

மாலையில் வாணி அழைத்தாள். இதற்கு முன் அழைத்தது பொங்கலன்று.

"ஏனுங்க," என்றாள், "நான் எப்பங்க செத்தேன்?"

பத்திரிகையின் பிழையை விளக்கினேன். அனுப்பிய மின்னஞ்சலை வாசித்துக் காட்டினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு அவள் தரப்பைச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மலர் வளையத்தோடு பள்ளிக்கு வந்திருக்கிறார். கேட்டைத் திறந்துவிட்டவள் இவள்தான். அவர் வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே ஸ்மார்ட் வகுப்பறைக்கு நிதி கேட்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். என் கோபம் அப்போது வேறு இடத்தில் இருந்தது.

"அப்பாவும் வந்தாருங்க," என்றாள்.

என் மாமனாருக்கு எண்பத்தொரு வயது. கோபியில் இளைய மகன் வீட்டில் இருக்கிறார். டீக்கடையில் யாரோ ஞாயிறு மலரை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். போன் செய்து அவள் எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து அவர் போனே செய்யவில்லை. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறி, பள்ளிக்கு வந்து, அவள் அறை வாசலில் நின்று அவளைப் பார்த்திருக்கிறார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிப் போயிருக்கிறார்.

இதற்கு அந்தப் பத்திரிகை பதில் சொல்லியே தீர வேண்டும் என்றேன்.

"அது கெடக்குதுங்க. நீங்க அந்தத் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

"உன் ஆட்டமும் வயதும் தவிர உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை."

"அதத்தானுங்க கேக்கறேன்," என்றாள்.

ஜூன் 19, வியாழன்

பதில் இல்லை. மோட்டாரின் கெப்பாசிட்டரை மாற்றினேன். இரைச்சல் நின்றது. தண்ணீர் ஏறவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பத்திரிகை அலுவலகத்துக்கு நேரில் போனேன். இன்பரசனும், மலர்ப் பொறுப்பாசிரியர் திரு. பாலகுருவும் இருந்தார்கள். பாலகுரு என் வயதுக்காரர். பணிவாகப் பேசுவதில் நல்ல பயிற்சி உள்ளவர். கட்டுரை எத்தனை பேரைக் கலங்க வைத்திருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு தொலைக்காட்சிகளும் ஓர் ஆங்கில இணையதளமும் அதை எடுத்துப் போட்டிருக்கின்றன. ஆக என் மனைவி இப்போது இரண்டு மொழிகளில் இறந்திருக்கிறாள்.

உயிரோடு இருப்பவர் இறந்துவிட்டதாக எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள் என்று கேட்டேன். இன்பரசன் எழுந்து நின்றுகொண்டார். மெலிந்த பையன். அன்று என் வீட்டில் போட்டிருந்த அதே சட்டை.

"சார், அம்மா படத்துக்குக் கீழ பல்பு எரிஞ்சுச்சு சார்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

கூடத்துச் சுவர் அலமாரியில் நான் செய்த முதல் பலகை நீடித்த இயக்கச் சோதனையில் இருக்கிறது. இரண்டு மனிதர்கள் ஆடிய ஓர் ஆட்டம் அதில் பாதியில் நிற்கிறது. மின்சாரம் போய் வந்தாலும் கருவியின் நினைவகம் அந்த நிலையை இழக்காமல் இருக்கிறதா என்பதைப் பார்க்க, 2021 ஆகஸ்டு முதல் அதை அணைக்காமல் வைத்திருக்கிறேன். எதிராளியின் நகர்த்தலுக்காகக் காத்திருக்கும்வரை பலகையின் முன்புறத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். எதிராளி நகர்த்திவிட்டால் அது பச்சையாகும். அலமாரிக்கு மேலே, கோப்பையைக் கையில் ஏந்தி வாணி நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. எங்களுக்குத் திருமணமான ஆண்டிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அலமாரி அங்கே இருப்பதால் பலகை அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணின் சட்டமிட்ட படம், அடியில் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு, எதிரே தனியாக ஓர் ஆண். நம் ஊரில் இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதை நான் யோசித்ததே இல்லை.

மாலை போட்டிருந்ததா என்று கேட்டேன். இல்லை சார் என்றார். படத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்ததா? இல்லை சார். அப்படியானால் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"கேட்டாரே சார்," என்றார் பாலகுரு. பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டார்.

வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று இன்பரசனின் குரல் கேட்கிறது. நான் மட்டும்தான், நான்கு வருடமாக, என்று என் குரல் சொல்கிறது. "மேடம், சார்?" என்கிறது இன்பரசனின் குரல். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. தெருவில் ஒரு பேருந்து வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, கியர் மாற்றிப் போகும் ஓசை முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. அது தேய்ந்த பிறகு மறுபடி என் குரல்: "அடுத்த கேள்வி."

பாலகுரு ஒலிப்பதிவை நிறுத்தினார். "இத என்னன்னு சார் எடுத்துக்கறது?"

மௌனம் இறப்புச் சான்றிதழ் ஆகாது என்றேன். அவர் மறுக்கவில்லை. மேடம் உயிரோடு இருக்கிறார் என்பதை அவரே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நிர்வாகத்திடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். கொன்றவர்கள் நீங்கள், நிரூபிக்க வேண்டியவர்கள் நாங்களா என்று கேட்டேன். காபி வந்தது. குடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

இன்று என் சொந்த வீட்டிலேயே ஒரு பிழை கண்டுபிடித்தேன். திட்டத்தின் இணையப் பக்கத்தை என்னோடு சேர்ந்து பராமரிப்பவர் மரிய செல்வின். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் கட்டுப்பாட்டில் வேலை. நேரில் சந்தித்ததில்லை, ஐந்தாண்டுப் பழக்கம். கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர், மூலநிரலின் தலைப்பில் 'கோகிலவாணி அம்மையாரின் நினைவுக்கு' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். செல்வின் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஏறக்குறைய இருநூறு பேர் அந்த நிரலைப் பிரதி எடுத்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

அழைத்தேன். செல்வின் நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார்.

"சார், அஞ்சு வருசமா பேசுதோம். வாணி முறை, வாணி முறைன்னு தெனமும் சொல்லுவிய. அக்கா அங்கன இருக்காவளா இல்லையான்னு நான் எப்படி சார் கேக்க?"

பிறகு, திருத்தத்தை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம் என்றும் மெல்லச் சொன்னார். ஏழு ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத பலகையை இப்போது பள்ளிக்கூடங்களில் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். கண்ணீர் விட்டு வந்தவர்கள், கதை பொய் என்றால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும் என்றேன். பலகை நல்லதென்றால் செய்யட்டும். என் மனைவி இறந்தால்தான் செய்வோம் என்பவர்களுக்கு இந்த வரைபடம் தேவையில்லை. அந்த வரியை நானே நீக்கினேன். மாற்றத்துக்கான காரணம் எழுத வேண்டிய இடத்தில் எழுதியது: 'தகவல் பிழை.'

ஜூன் 22, ஞாயிறு

மோட்டாரைக் கழற்றினேன். வாஷர் தேய்ந்திருந்தது. தண்ணீர் ஏறுகிறது.

பக்கத்து வீட்டு சரோஜினி டீச்சர் தோசை மாவு கொடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. துக்கம் கேட்காத ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் வாணி வாரம் தவறாமல் அவரோடு பேசுகிறாளாம். இது எனக்குப் புதிய செய்தி. 2021 ஆகஸ்டில் பதவி உயர்வு கிடைத்ததால் வாணி சத்தியமங்கலம் போக நேர்ந்தது, மாறுதல் கிடைத்ததும் திரும்பிவிடுவாள் என்று வழக்கம்போல் சொன்னேன். டீச்சர் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"போன வருச மாறுதல் கலந்தாய்வுல, பக்கத்துலயே சூலூர் பள்ளிக்கூடம் காலியாத்தானே தம்பி இருந்துது. அவதான் கேக்கல."

இந்தத் தகவலை நான் கேட்கவில்லை. மாவு புளித்திருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

பாலகுருவே அழைத்தார். நிர்வாகத்தோடு பேசிவிட்டாராம். வெறும் திருத்தம் போட்டால் வாசகர் மனம் புண்படும். அதைவிட ஒரு மகிழ்ச்சியான தொடர்ச்சி போடலாம். மேடம் ஒரு நாள் வந்து, நாங்கள் இருவரும் பலகையின் முன்னால் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதைப் போல ஒரு படம். முழுப் பக்கம், வண்ணத்தில். தலைப்புகூட யோசித்துவிட்டார்: 'மீண்டு வந்த ராணி'. இணைய முகவரியையும் இந்த முறை கட்டாயம் போடுவார்களாம்.

சொல்கிறேன் என்றேன். உடனே மறுத்திருக்க வேண்டும். பரிசீலிப்பது நடைமுறை என்பதால் அவகாசம் கேட்டேன்.

ஜூன் 25, புதன்

பத்திரிகையின் யோசனையை, ஒரு தகவலாக மட்டும், வாணிக்குத் தெரிவித்தேன். என் கருத்தைச் சொல்லவில்லை. மறுமுனையில் பள்ளி மணி அடித்து ஓய்ந்தது.

"செத்தவளாவே இருந்துட்டுப் போறேனுங்க," என்றாள். "சேந்து வாழற மாதிரி போட்டோவுக்கு உக்கார மாட்டேன்."

நானும் அதே முடிவில்தான் இருந்தேன் என்றேன். சரிங்க என்றாள்.

கையெழுத்துப் போட்டுத் தருவாயா என்று கேட்டேன். உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள் என்று விளக்கினேன். "பென்சன் வாங்கறதுக்கு முன்னாலயே லைஃப் சர்ட்டிபிகேட்டா" என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். தபாலில் அனுப்பலாமே என்றேன். நீங்கள் எழுதுவதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.

பாலகுருவுக்கு ஒரு வரி எழுதினேன்: படம் கிடையாது.

ஜூன் 28, சனி

கூடத்தைத் துடைத்தேன். அலமாரியையும் துடைத்தேன். பலகையைத் தொடவில்லை. காபித்தூள் வாங்கினேன், பழையது தீரும் நிலையில் இருந்ததால்.

ஜூன் 29, ஞாயிறு

பிற்பகலில் வந்தாள். தலையில் நரை கூடியிருக்கிறது, மறைக்கவில்லை. கையில் ஒரு பை நிறையக் கொய்யா. பள்ளி மரத்தில் காய்த்ததாம்.

கடிதத்தின் வரைவை நீட்டினேன். நான்கு பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து, விடைத்தாள் திருத்துவதைப் போல உட்கார்ந்துவிட்டாள். 'மன்னிக்க முடியாத', 'இழிவான', 'பொறுப்பற்ற' முதலிய சொற்களை எல்லாம் அடித்தாள். நான் ஆட்சேபித்தேன்.

"திட்டுனா உங்க கோவம் மட்டுந்தானுங்க அவங்களுக்குத் தெரியும். என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க, போதும்."

நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. அவள் பேனா ஒரே ஓர் இடத்தில் நின்றது. பலகையைத் திருப்பி வைத்துப் படம் எடுத்த குறை. மலரை எடுத்து வரச் சொன்னாள். வலக்கை ஓரத்துக் கறுப்புக் கட்டத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னக் கொன்னதக்கூட விட்டுரலாமுங்க," என்றாள். "இத விடக் கூடாது." அந்தக் குறையை மட்டும் அவளே இரண்டு வரி நீட்டி எழுதினாள்.

கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 'உயிருடன்' என்று எழுதினாள். பிறகு எழுந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். பேனா இன்னும் கையில் இருந்தது.

"இது இன்னுமா எரியுது?"

"நினைவகச் சோதனை."

"நாலு வருசமாவா?"

"ஒரு முறைகூட நிலையை இழக்கவில்லை."

குனிந்து பலகையைப் பார்த்தாள். நடுவில் என் ராணியும் அவள் ராணியும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 2021 ஆகஸ்டில் நாங்கள் ஆடியபோது நான் ராணியை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பேரத்தை முன்வைத்திருந்தேன். அவள் ஒதுங்குவாள், ஒதுங்கினால் ஒரு சிப்பாயை இழப்பாள் என்பது என் கணக்கு.

"என் முறைதானுங்களே?"

ஆமாம் என்றேன். பால் பொங்கும் வாசனை வந்தது. அடுக்களைக்கு ஓடினேன். பாதிப் பால் அடுப்பில். மீதியில் காபி போட்டு எடுத்து வந்தபோது அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே குடித்தாள். தூள் நன்றாக இருக்கிறது என்றாள். சத்தி பேருந்து காந்திபுரத்திலிருந்து நாலரைக்கு.

கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பினாள்.

"பதில எழுதி அனுப்புங்க. போன்ல சொல்ல வேண்டாம்."

பத்திரிகை பதில் எழுதினால் நகல் அனுப்புகிறேன் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, போயிட்டு வர்றேனுங்க," என்றாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கூடத்தைக் கடக்கும்போது ஏதோ மாறியிருப்பதாகப் பட்டது. அலமாரியின் மேல் விழும் வெளிச்சத்தின் நிறம். பொட்டு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

என் ராணி பலகைக்கு வெளியே, அலமாரி விளிம்பில் நிற்கிறது. அது நின்ற கட்டத்தில் அவள் ராணி. ராணிக்கு ராணி.

நிரலின் முதல் விதி தவறு. இருநூற்றுச் சொச்சம் பிரதிகளிலும் தவறு. செல்வினுக்குச் சொல்ல வேண்டும்.

அவள் ராணியை நான் வெட்டியாக வேண்டும். வேறு நல்ல நகர்த்தல் இல்லை, சிறு பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். என் நகர்த்தலை ஒரு வரியில் எழுதிச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பினேன்.

பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல் ('இன்னொன்று' என்று தொடங்கும் பத்தி மட்டும் அவள் போன பிறகு நான் சேர்த்தது):

பொறுப்பாசிரியர், ஞாயிறு மலர், 'மேற்குச் சுடர்'.

ஐயா,

ஜூன் 15 இதழில் நீங்கள் மறைந்தவர் என்று குறிப்பிட்ட திருமதி கோகிலவாணி, இக்கடிதத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் உயிரோடு இருப்பதற்கு இதற்கு மேல் சான்று தரப்படமாட்டாது.

கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், பின்வருவனவற்றை நீங்கள் அச்சிட வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறார். அவர் படத்தின் கீழே எரிந்தது அஞ்சலி விளக்கு அல்ல, எதிராளியின் நகர்த்தலுக்காகக் கருவி காத்திருப்பதைக் காட்டும் அடையாளம். கருவியின் வரைபடமும் நிரலும் எவருக்கும் இலவசம், முகவரி இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் புகைப்படத்தில் பலகை தவறாக வைக்கப்பட்டிருந்தது. வலக்கை ஓரத்தில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும் என்பதை விளையாடத் தொடங்கும் குழந்தைக்கே முதலில் சொல்லித்தருவோம். ஆகவே அந்தப் படத்தை இனி எங்கும் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. 'என் மனைவி ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளவேமாட்டார்' என்று நான் கூறியதாக எழுதியிருந்தீர்கள். நான் அப்படித்தான் கூறினேன். அச்சில் பிழை இல்லை, கூற்றில் பிழை இருந்தது. அது நேற்றுத் தெரியவந்தது. அதையும் திருத்திக்கொள்ளவும்.

நாங்கள் இருவரும் படத்துக்கு உட்காரமாட்டோம். இது பற்றி மறுபடி கேட்க வேண்டாம். உங்கள் நிருபர் இன்பரசனைத் தண்டிக்கவும் வேண்டாம். அவர் கேள்வி கேட்டார்; பதில் வரும்வரை காத்திருக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. காத்திருக்கச் சொல்லித்தருவது உங்கள் வேலை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். மாலை நேரங்களில் நான் ஆட்டத்தில் இருப்பேன். உங்கள் பதில், எழுத்து மூலம், ஜூலை 7 திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கையில் இருக்க வேண்டும்.